கரகரப்பு நீக்கம்

வயதான பிறகு புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்கிறவர்களை எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. வீடியோ எடிட்டிங் படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து கைகொடுத்தார். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "சூப்பர்ப்பா. சும்மா டிவியைப் பார்த்துட்டு உக்காந்திருக்காம ஏதோ பண்றீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்றாள். என் மனைவி மட்டும் சிரித்தாள். "மவுஸைப் பிடிக்கச் சொன்னா நெஜ எலியைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பீங்க. பார்த்து, கடிச்சிடப் போகுது" என்றாள்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். அந்த ரெக்கார்டரை மின்விசிறிக்கு நேர் கீழே வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் என் பக்கம் நகர்த்திவிடுங்கள். பிற்பாடு கேட்கிறவர்களுக்கு இரைச்சல் இல்லாமல் இருக்கும். போதும். நன்றி.

நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். பள்ளிப் பாடநூல், நிறுவனங்களின் ஆண்டறிக்கை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் துண்டுத்தாள் என்று எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். விசித்திரமான வேலை அது. ஒழுங்காகச் செய்தால் செய்ததே யாருக்கும் தெரியாது. ஒன்றைக் கோட்டைவிட்டால் மட்டும் ஊருக்கே தெரியும். நான் கோட்டைவிட்டதில்லை, அதனால் என்னை யாருக்கும் தெரியாது.

என் மனைவியைத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. பாட்டு டீச்சர். எங்கள் வீட்டு முன்னறைதான் வகுப்பு. ஒரு விரிப்பு, ஒரு சுருதிப் பெட்டி, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. சாயங்காலமானால் வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். நான் பின்பக்க வழியாகத்தான் வீட்டுக்குள் வருவேன். கடைக்காரர், தபால்காரர், எதிர் வீட்டு அம்மா என்று எல்லோருக்கும் நான் 'பாட்டு டீச்சர் வீட்டுக்காரர்'. இதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் மகள் உங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பாள்.

என் மனைவிக்கு வகுப்பில் ஒரு வழக்கமான வேடிக்கை உண்டு. யாராவது பிள்ளை சுருதி விலகிப் பாடினால், "உனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, நீதான் கேக்கறதில்லை. உள்ள இருக்காரே, அவருக்குத்தான் காது ரெண்டும் கண்ணாடி மாட்டறதுக்கு மட்டும்" என்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். உள்ளேயிருந்து நானும் சிரிப்பேன். கல்யாணமான புதிதில் தொடங்கிய வேடிக்கை. பிள்ளைகள் மாறிக்கொண்டே இருந்ததால் ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே இருந்தது.

மாணவர்கள் வெளியூர்களுக்குப் போனபோதுதான் வீடியோ வந்தது. "டீச்சர், நீங்க பாடி அனுப்புங்க, குழந்தை அதைப் பார்த்துப் பயிற்சி பண்ணும்" என்று பெற்றோர் கேட்டார்கள். அவளும் போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துப் பாடி அனுப்பிவிடுவாள். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். நடுவில் வாசல் மணி அடிக்கிறது. குக்கர் விசில் போடுகிறது. சுர வரிசை பாதியில் தப்பாகி, "சீ, மறுபடியும்" என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். ஓரிடத்தில் போன் சரிந்து கூரையைக் காட்டுகிறது, கூரை மட்டும் சுருதி சுத்தமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. பிழை திருத்துகிறவன் இதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்? கை பரபரத்தது.

கடைத்தெரு முனையில் கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். வாய் ஓயாதவர். அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் பிராணன் போய்விட்டது. படம் ஓர் அடுக்கு, ஒலி இன்னோர் அடுக்கு. ஒன்றை நகர்த்தினால் மற்றது நகராது. என் மனைவி வாயை மூடிய பிறகு பாட்டு வந்தது. ஒரு பாடத்தை முழுக்க அழித்தே விட்டேன். அவர் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்.

"சார், வெட்டறது யாருக்கும் வரும். வெட்டினது தெரியக்கூடாது, அதுதான் வேலை. சத்தத்தை வெட்டின இடத்துல வெறும் நிசப்தத்தை வெச்சீங்கன்னா காது கண்டுபிடிச்சிடும். யாரும் பேசாதப்ப அந்த ரூம் எப்படிச் சத்தம் போடுமோ, அதைக் கொஞ்சம் எடுத்து அங்க ஒட்டுங்க."

சும்மா இருக்கிற அறைக்கும் ஒரு சத்தம் உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இன்னொன்றும் சொன்னார். "மூஞ்சியை வெட்டினா தலை குதிக்கும். அந்த எடத்துல வேற எதையாவது காட்டுங்க. நான் பொண்ணு அழுதா பூவைக் காட்டுவேன். நீங்க டீச்சர் தாளம் போடற கையைக் காட்டுங்க."

என் மனைவியின் தாளம் போடும் கையைத் தனியாக நீளமாக எடுத்து வைத்துக்கொண்டேன். எங்கே வெட்டினாலும் அந்தக் கை வந்து மறைத்துவிடும். பார்க்கிற பிள்ளைகளுக்கும் தாளம் புரியும். கல்வி நோக்கில் அது நல்ல உத்திதான், இன்றைக்கும் சொல்வேன்.

பாடங்கள் பளிச்சென்று வந்தன. பெற்றோர் பாராட்டி எழுதினார்கள். என் மனைவி ஒருநாள் வகுப்பிலேயே, "எல்லாம் இவர் வேலை. இந்த வயசுல கத்துக்கிட்டு எவ்வளவு அழகாப் பண்றார் பாருங்க" என்று என்னை முன்னறைக்குக் கூப்பிட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்த வீட்டில் அந்த நேரத்தில் நான் முன்னறையில் நின்றது அதுதான் முதல் தடவை. காதைப் பற்றிய வேடிக்கையை அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. வீடியோவின் முடிவில் 'தொகுப்பு: டீச்சர் வீட்டுக்காரர்' என்று போடச் சொன்னதும் அவள்தான். விளையாட்டாகச் சொன்னாள். நான் போட்டேன்.

பிறகு கரகரப்பு வந்தது.

முதலில் வரிசையின் கடைசியில் ஓர் இழுப்பு. மணலில் கால் வைத்தது மாதிரி. இருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி பாடினாள். மறுபடியும் அதே இடம். திரையில் ஒலி ஒரு மலைத்தொடர் மாதிரி ஓடும் அல்லவா, அதில் அந்த இடம் மட்டும் முள்முள்ளாகத் தெரிந்தது. நான் முந்தைய பாடத்திலிருந்து அதே சுரத்தை எடுத்து அங்கே வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. அவள் வாழ்நாள் முழுதும் ஒரே சுருதியில்தான் பாடியிருக்கிறாள். எந்தப் பாடத்திலிருந்து எடுத்து எங்கே ஒட்டினாலும் தையல் தெரியாது. அப்படி ஒரு சுத்தமான குரல். அதை என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

அவளுக்கே சந்தேகம் வந்தது. சமையலறையில் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, என் குரல் ஒரு மாதிரி இருக்கோ? எனக்கே கரகரன்னு கேக்குது."

"உனக்கு உள்ளேயிருந்து கேக்குது. உள்ளேயிருந்து கேட்டா எல்லார் குரலும் அப்படித்தான். வெளியிலேயிருந்து கேளு" என்று போனில் அன்றைய பாடத்தைப் போட்டுக் காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். முகம் தெளிந்தது. "அட, நல்லாத்தான் இருக்கு. நான்தான் பயந்துட்டேன்" என்றாள். மறுபடி ஒரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள். ஆயிரம் பிள்ளைகளின் சுருதியைத் தன் காதால் மட்டுமே திருத்தியவள், தன் குரலை என் கையிலிருந்த போனைக் கேட்டு நம்பினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒலி சம்பந்தமாக அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. என் பதில் அவளுக்கு நிம்மதியும் கொடுத்தது. ஒரு கணவன் வேறென்ன செய்ய வேண்டும்?

அடுத்த தடவை வீடியோக்காரர் கடைக்குப் போனபோது, இரைச்சல் நீக்கும் பகுதியைக் கற்றுக்கொள்வதற்காக வெட்டாத பதிவு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அவர் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டார். வாய் ஓயாத மனிதர், பேசாமல் கேட்டார். பிறகு கழற்றி வைத்தார்.

"சார், இது இரைச்சல் இல்லை. இது அம்மாவோட தொண்டை."

"சளி."

"எவ்வளவு நாளா?"

"இப்பத்தான்."

"எங்க மாமாவுக்கு இப்படித்தான் சார் ஆரம்பிச்சுது. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஒண்ணும் இருக்காது, இருந்தாலும் காட்டிடுங்க."

நல்ல மனிதர். காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு, இரைச்சல் நீக்கத்தையும் கற்றுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு அவர் கடைக்குப் போகவில்லை. கற்க வேண்டியதைக் கற்றாகிவிட்டது. அந்தப் பக்கம் மளிகைக்குப் போக வேண்டியிருந்தாலும் சுற்றிக்கொண்டு போனேன். மனிதர் அக்கறையாக விசாரிப்பார், நான் பதில் சொல்ல வேண்டும், இரண்டு பேருக்கும் சங்கடம்.

அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. தொண்டை மருந்துகளின் துண்டுத்தாள்களை நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். 'கரகரப்பு தொடர்ந்தால் உடனே மருத்துவரை அணுகவும்.' ஒருமுறை அச்சுக்கோப்பவர் 'உடனே' என்ற சொல்லை விட்டுவிட்டார். ஓரத்தில் குறி போட்டு அதைச் சேர்த்தவன் நான்.

நீங்கள் அவசரப்படுகிறீர்கள். முழுதும் கேளுங்கள்.

அப்போது நாங்கள் ஒரு தொகுப்பைச் செய்துகொண்டிருந்தோம். பாட்டே தெரியாத ஒருவர் ஆரம்பத்திலிருந்து தானாகக் கற்றுக்கொள்ளும்படி, படிப்படியாக ஒரு முழுப் பாடத்திட்டம். யோசனை அவளுடையது, வடிவம் என்னுடையது. பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மேல் ஸ்தாயிப் பாடங்கள் மட்டும் பாக்கி. இந்த நேரத்தில் மருத்துவரிடம் போனால் என்ன சொல்வார்? முதல் வார்த்தையே 'பாடக் கூடாது' என்பதுதான். ஒரு புத்தகம் பாதி அச்சான நிலையில் இயந்திரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அச்சகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். மிச்சத்தைப் பிறகு அடிக்கலாம் என்பார்கள். மை நிறம் சேராது.

அதனால் சில ஏற்பாடுகள் செய்தேன். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அவள் இணையத்தில் நடத்திய சனிக்கிழமை நேரலை வகுப்பை நிறுத்தினேன். இணையம் சரியில்லை, பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறது என்றேன். நேரலையில் வெட்ட முடியாது, அதுதான் விஷயம். வீட்டுக்கு வரும் பிள்ளைகளையும், தொகுப்பு முடியும்வரை வீடியோவைப் பார்த்துப் பயிற்சி செய்யட்டும் என்று நிறுத்திவைத்தேன். எல்லாப் பாடத்துக்கும் ஒரே நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "எதுக்குங்க, ஜெயில் கைதி மாதிரி?" என்றாள். "பள்ளிக்கூடச் சீருடை மாதிரி இருந்தா பிள்ளைங்களுக்குப் பாடம்னு மனசுல பதியும்" என்றேன். ஒத்துக்கொண்டாள். உடை மாறாவிட்டால் எந்தப் பாடத்தின் படத்தையும் எந்தப் பாடத்திலும் சேர்க்கலாம்.

மகள் ஒருநாள் போன் செய்தாள். அம்மாவிடம் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அப்பா, அம்மா குரல் ஏன் இப்படி இருக்கு? யாரோ மாதிரி இருக்கே."

"லைன் சரியில்லை. நேத்து போட்ட பாடத்தைப் பார்த்தியா?"

"இல்லையே."

"பாரு."

பார்த்துவிட்டுச் செய்தி அனுப்பினாள்: அம்மா கலக்குறாங்க. கூடவே ஒரு சிவப்பு இதயம். இப்போது அவள்தான் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவளும் ஒரு தாயின் மகள், காது இருந்தது, போன் இருந்தது, பஸ் இருந்தது. வந்து பார்த்திருக்கலாம்.

அந்த மாதங்களில் என் மனைவி நிறையப் பாடினாள். நான் பாட வைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. பாடங்களை மட்டுமல்ல, தனித்தனிச் சுரங்களையும் பாடச் சொன்னேன். ஒவ்வொன்றையும் நீளமாக, குட்டையாக, மெதுவாக, அழுத்தமாக. "சபாஷ்", "இன்னொரு தடவை", "மூச்சை விட்டுப் பாடு", "அவசரம் வேண்டாம்" என்று வகுப்பில் அவள் சொல்லும் வார்த்தைகளையும் தனித்தனியாகச் சொல்லச் சொன்னேன்.

"எதுக்குங்க இதெல்லாம் உதிரி உதிரியா?"

"பிள்ளைங்க ஒப்பிட்டுப் பார்க்கட்டும்னுதான்."

கையில் வெந்நீர் டம்ளரை வைத்துக்கொண்டு, ஒரு சுரம், ஒரு மடக்கு, ஒரு சுரம், ஒரு மடக்கு என்று பாடினாள். நல்லதாக விழும்வரை திரும்பப் பாட வைத்தேன். சில நாள் ஒரு சுரத்துக்கே பொழுது போய்விடும். ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு, "என்னங்க, இன்னைக்கு வேண்டாமே. வலிக்குது. டாக்டர்கிட்ட ஒரு நடை போயிட்டு வந்துடலாமே" என்றாள். நான் அன்று காலை முடித்திருந்த பாடத்தைப் போட்டுக் காட்டினேன். மேல் ஸ்தாயியில் கண்ணாடித் துண்டு மாதிரி ஒரு சுரம் நிற்கும் பாடம். "இப்படிப் பாடற தொண்டைக்கு என்ன வியாதி இருக்கும்?" என்று கேட்டேன். ஒரு நிமிடம் திரையைப் பார்த்தாள். "சுருதிப் பெட்டியைப் போடுங்க" என்றாள்.

பெற்றோர் எழுதினார்கள்: டீச்சர், உங்களுக்கு வயசாக வயசாகக் குரல் இளமையாகிக்கொண்டே போகிறது. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள்.

தொகுப்பு முடிந்த அதே வாரம் நானே அவளை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். யாரும் சொல்லவில்லை. நானே. அப்போது மாடிப்படி ஏறினால் மூச்சில் ஒரு விசில் கேட்கும். மருத்துவர் சின்ன வயதுப் பெண். குழாய் விட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதையோ எழுதுகிற மாதிரி இருந்தார்.

"இந்தக் கரகரப்பு எப்பேர்ந்து இருக்கும்மா?"

"இப்பத்தான் டாக்டர். போன மாசம் வரைக்கும் குரல் நல்லாத்தான் இருந்துச்சு. வேணும்னா கேளுங்க" என்று என் மனைவி தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

மருத்துவர் கேட்டார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தான் எடுத்த படத்தைப் பார்த்தார். "இந்த மாதிரி வளர்ச்சி இருக்கிறப்ப இப்படிப் பாட முடியாதேம்மா" என்றார். "கரகரப்பு ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா கதிர்வீச்சுலயே சரி பண்ணியிருக்கலாம். குரலும் மிஞ்சியிருக்கும். இப்ப குரல்வளையை எடுத்தாகணும்."

என் மனைவி அவருக்கு ஆறுதல் சொல்வது போல, "ஆனா வீடியோவுல நல்லா இருந்துச்சே டாக்டர்" என்றாள். அவள் மருத்துவரிடம் பேசிய கடைசி முழு வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. உயிருக்குப் பயமில்லை என்றார்கள். நான் கூடவே இருந்தேன். துளையைத் துடைப்பது, குழாயைக் கழுவுவது எல்லாம் நான்தான். முகம் சுளித்ததில்லை, மகளே சாட்சி. பேச்சுக்கு ஒரு கருவி இருக்கிறதாம், காயம் ஆறட்டும் என்றார்கள். அதுவரை போனில் தட்டிக் காட்டுவாள்.

வகுப்பு மட்டும் நிற்கவில்லை. சேர்த்து வைத்திருந்த சுரங்கள் இருந்தன, வார்த்தைகள் இருந்தன, தாளம் போடும் கை இருந்தது, நீலப் புடவை இருந்தது. நான் புதிய பாடங்கள் செய்தேன். அவள் ஒருபோதும் பாடியிராத வரிசைகளைப் பாடினாள். நடுநடுவே "சபாஷ்" என்றாள். மாணவர்கள் முன்பை விட அதிகமாகச் சேர்ந்தார்கள். பழைய டீச்சருக்குக் கோபம் வரும், தலைவலி வரும், ஊருக்குப் போவாள். இவளுக்கு அதெல்லாம் இல்லை. நான் முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்வேன். அவள் உள்ளே படுத்திருப்பாள். ஒரு சுரத்தைப் பொருத்துவதற்குள் அதையே பத்துப் பதினைந்து தடவை போட்டுக் கேட்க வேண்டியிருக்கும்.

ஒருநாள் வாசற்படியில் வந்து நின்று போனை நீட்டினாள். 'ஹெட்போன் போட்டுக்கோங்க' என்று இருந்தது. "உன் குரல்தானே" என்று சிரித்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். நோயாளிகளுக்கு ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

பழகியும்விட்டாள், அல்லது நான் அப்படி நினைத்தேன். கழுத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பகலில் வெளியே போக ஆரம்பித்தாள். எங்கே என்று கேட்டதற்கு, 'எடிட்டிங் கத்துக்கறேன். வீடியோக்காரர் கடையில்' என்று தட்டிக் காட்டினாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பேச முடியாதவளுக்கு நல்ல பொழுதுபோக்கு. இனிமேல் இரண்டு பேரும் சேர்ந்து பாடம் செய்யலாம் என்று கூட நினைத்தேன். வீட்டுக் கணினியில் பயிற்சி செய்யட்டும் என்று நாற்காலியில் ஒரு தலையணை போட்டுக் கொடுத்தேன். எந்தப் பாடத்தை வேண்டுமானாலும் திறந்து பார் என்றேன். எடிட்டிங்கில் ஒரு வசதி உண்டு. வெட்டியதை எல்லாம் கணினி தூக்கிப் போடுவதில்லை, ஓரமாக ஒதுக்கித்தான் வைக்கும். வெட்டின முனையைப் பிடித்து இழுத்தால் மறைந்தது திரும்ப வரும். ஆரம்பக்காரர்கள் முதலில் கற்றுக்கொள்வதே அதைத்தான். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் தடுத்திருப்பேனா என்று தெரியவில்லை. என் வேலையை ஒருவராவது பார்க்க வேண்டும் அல்லவா?

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு வீடியோவை எல்லா மாணவர்களுக்கும் அனுப்பினாள். எனக்கும் அனுப்பினாள். நான் மேஜையில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பாட்டே இல்லை. நான் வெட்டியவை மட்டும் வரிசையாக இருந்தன. முதல் கரகரப்பிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இருமல், உடைந்த ஒவ்வொரு சுரம், "வலிக்குது", "இன்னைக்கு வேண்டாமே", "டாக்டர்கிட்ட ஒரு நடை", எல்லாம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் கேமராவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "இன்னொரு தடவை" என்கிறது. என் குரல் பதிவில் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சாதாரணமான குரல். முடிவில் அவள் பழையபடியே ஒரு வரி போட்டிருந்தாள்: 'தொகுப்பு: டீச்சர்.'

வீடியோக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் கடையை மூடிவிட்டு என் வாசலில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. அந்த மனிதர் பேசாமல் நின்று இரண்டாவது தடவை பார்க்கிறேன். மகள் மறுநாளே வந்துவிட்டாள். பிறகு நீங்கள்.

நீங்கள் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான், சுற்றி வளைக்க வேண்டாம். தெரியும். முதல் கரகரப்பிலேயே தெரியும். டாக்டரிடம் காட்டினால் குரல் பிழைத்துக்கொள்ளும் என்றும், காட்டாவிட்டால் போய்விடும் என்றும் தெரிந்துதான், போவதற்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது குரல். அது என்னிடம் பத்திரமாக, ஒரு பிசிறு இல்லாமல் இருக்கிறது. அவள் தொண்டையில் இருந்திருந்தால் இன்னும் சில வருடத்தில் தானாகவே கிழடு தட்டியிருக்கும். இதற்கு என்ன பிரிவு போடுவது என்று நீங்களும் உங்கள் மேலதிகாரியும் வெளியே பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கண்ணாடி மாட்டுவதற்கு மட்டுமான காது இல்லை இது.

அவள் செய்த வீடியோ உங்களிடம் சாட்சியமாக இருக்கும். நீதிமன்றத்திலும் போட்டுக் காட்டுவீர்கள். அதில்தான் எனக்கு வருத்தம். நேர்மையாகச் சொல்கிறேன், நன்றாக வரவில்லை. ஒவ்வொரு வெட்டிலும் தலை குதிக்கிறது. ஒலி ஓரிடத்தில் ஏறுகிறது, ஓரிடத்தில் இறங்குகிறது. அறையின் சத்தத்தை எங்குமே ஒட்டவில்லை, வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவில் கிணறு மாதிரி நிசப்தம். ஆரம்பக்காரி, பாவம். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானே சரிசெய்து கொடுத்திருப்பேன்.